குரங்கு டாக்டர் சாமியிடம் இரண்டாம் முறை கேட்டார்

அரசாங்கத்திடம் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதியவர்களில், அதில் ஒரு பொய்கூடச் சேர்க்காத ஒரே மனிதர் எங்கள் குரங்கு டாக்டர்தான். இமயம் முதல் குமரி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொருவர் அகப்பட மாட்டார். அகப்பட்டால் இருவரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டி வையுங்கள், நாடு நிம்மதியாக இருக்கும்.

பெயரைக் கேட்டு மிருக வைத்தியர் என்று நினைக்க வேண்டாம். அவர் பயிர்களைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஏற்காட்டில், ஒண்டிக்கடை நாற்சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு தனியார் அறக்கட்டளை நடத்திய குட்டி ஆராய்ச்சி மையத்துக்கு அவர்தான் தலைவர். ஆரஞ்சு மரங்களை ஆராயத்தான் மலையேறி வந்தார். பழம் பழுக்கும் முன்பே குரங்குகள் தின்று தீர்த்துவிட்டதால், ஆராய்வதற்கு மிச்சம் இருந்தது குரங்குகள்தான். ஊர்க்காரர்கள் உடனே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருமுறை சுற்றுலா வந்த அம்மா ஒருவர் புயல்போல எங்கள் ஆபீசுக்குள் நுழைந்து, "நீங்கதானே குரங்கு டாக்டர்? உங்க குரங்கு என் கூலிங் கிளாஸைப் பிடுங்கிட்டு ஓடிடுச்சு!" என்று சத்தம் போட்டார். வேறு யாராக இருந்தாலும் கையை விரித்திருப்பார்கள். இவர், "வால் நுனியில முடி கொட்டியிருந்துச்சுங்களா?" என்று அடையாளம் விசாரித்து, ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போய்ப் பேரம் பேசிக் கண்ணாடியை மீட்டுக்கொண்டு வந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்தாங்க உங்க கண்ணாடி. ஆனா உங்களவிட அதுக்குத்தானுங்க நொம்ப எடுப்பா இருந்துச்சு" என்றார். அந்த அம்மா நன்றி சொல்லாமலே காரில் ஏறினார்.

பொய் சொல்லக் கூடாது என்று அவர் விரதமெல்லாம் எடுக்கவில்லை. சொல்ல வராது, அவ்வளவுதான். சிலருக்கு நீச்சல் வராதே, அதுபோல. பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள். "மார்ச் மாசம் வரைக்கும் நிரந்தரமுங்க" என்று பதில் சொல்லிவிட்டு, பஜ்ஜியில் உப்புக் கம்மி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார். இப்படிப் பல வீடுகளில் பஜ்ஜி சாப்பிட்டு, கடைசிவரை கல்யாணச் சாப்பாடு சாப்பிடவே இல்லை. எங்கள் நர்சரிக்கு நாற்று வாங்க வரும் மலை விவசாயிகளிடம், "இந்தத் தடவ எங்க நாத்து சரியில்லீங்க, வேற எடத்துல வாங்கிக்குங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார். மையத்தின் வருமானம் ஏன் அதலபாதாளத்தில் கிடந்தது என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

நான் அங்கே புராஜெக்ட் அசிஸ்டென்ட். சேலத்திலிருந்து பஸ்ஸில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவள். எங்களோடு கணக்கு வழக்கு பார்க்க ரைட்டர் பாய். ஒண்டிக்கடையில் அவருடைய தம்பிக்கு மளிகைக்கடை. உலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஆபீசில் அவர்தான்.

அந்த வருடம் அறக்கட்டளையின் மேனேஜர் சேலத்திலிருந்து காரில் வந்து இறங்கி, நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "மார்ச்சுக்குள்ள ஒரு கவர்மென்ட் புராஜெக்ட் வரணும். வரலைன்னா இந்த எடத்த லாட்ஜ் ஆக்கிருவோம். ஏரி தெரியுது, குளிரு இருக்குது, சீசன்ல ரூம் கெடைக்காம ஜனம் அலையுது."

"ஏரி தெரியாதுங்க. மாடியில ஏறி எட்டிப் பாத்தாத்தான் ஒரு ஓரம் தெரியும்" என்றார் டாக்டர்.

மேனேஜர் வாயால் மட்டும் மிரட்டுகிற ஆள் இல்லை. அடுத்த வாரமே ஒரு லாரி நிறைய மெத்தைகள் வந்து இறங்கின. விதை அறையில் மெத்தை, ஆய்வுக்கூடத்தில் மெத்தை, மைக்ராஸ்கோப்பைச் சுற்றி மெத்தை. டாக்டர் குடியிருந்ததும் அதே கட்டடத்தின் பின்னறையில்தான். மையம் போனால் அவருக்கு வேலை மட்டுமல்ல, வீடும் போய்விடும். மெத்தைகளுக்கு நடுவே அவர் தன் பழைய பாயை விரித்துப் படுத்தார். மெத்தையில் படுக்கச் சொன்னால், "அது லாட்ஜுக்கு வந்ததுங்க" என்பார்.

இந்த லட்சணத்தில்தான் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். திட்டம் எளிமையானது. கரடியூர்ப் பக்கம் காட்டோரத்தில் கொய்யா, பலா, பட்டர் ஃப்ரூட் எல்லாம் நட்டுக் குரங்குகளுக்கென்று ஒரு தோட்டம் போடுவது. அங்கே வயிறு நிறைந்தால் விவசாயிகளின் ஆரஞ்சையும் காப்பியையும் விட்டுவிடுமா என்று பார்ப்பது.

தலைப்பிலேயே தகராறு வந்தது. "நீடித்த, ஒருங்கிணைந்த, பங்கேற்பு முறையிலான என்று ஆரம்பிக்கணுமுங்க சார்" என்று ரைட்டர் பாய் மன்றாடினார். டாக்டர் வைத்த தலைப்பு: 'குரங்குகளுக்குத் தனித்தோட்டம் போட்டால் என்ன நடக்கும்?'

கருவிகள் பட்டியலில் ஊரெல்லாம் டிரோன் கேட்கிறது, ஜீப் கேட்கிறது. இவர் குடை கேட்டார். அட்டைக்கடிக்குப் புகையிலைப் பொடி கேட்டார். ரைட்டர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், நெறையாக் கேட்டாத்தானுங்க பாதியாச்சும் குடுப்பாங்க."

"வேணுங்கறத மட்டும் கேட்டா?"

"அதுலயும் பாதிதானுங்க குடுப்பாங்க."

"அப்ப பாதிக் கொரங்க மட்டும் ஆராய்ச்சி பண்ணிக்கலாமுங்க."

எல்லாம் இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். 'எதிர்பார்க்கும் பலன்கள்' என்ற கட்டத்தில் டாக்டர் 'தெரியாது' என்று போடச் சொன்னார். போட்டேன். நூறு சொற்களுக்குக் குறையக் கூடாது என்று கம்ப்யூட்டர் முறைத்தது. "முன்னாலயே தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு கண்ணு? இருந்தாலும் கேக்குறாங்கல்ல" என்று சொல்லிவிட்டு ஒரு முழுப் பகலும் உட்கார்ந்து நூறு சொற்களில் தெரியாது என்று எழுதினார். குரங்குகள் தங்கள் தோட்டத்தோடு நின்றுவிடலாம். அங்கே தின்றுவிட்டு இங்கேயும் வரலாம். சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு வரலாம். இப்படியே போயிற்று. 'நிறுவனத்தில் உள்ள வசதிகள்' என்ற கட்டத்தில் என்ன போட்டார் தெரியுமா? மைக்ராஸ்கோப் ஒன்று, லென்ஸில் பூஞ்சை. தராசு ஒன்று. மெத்தைகள் ஏராளம்.

கடைசியாக ஒரு கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. நில உரிமையாளரின் சம்மதம். அங்கேதான் கதை கந்தலாயிற்று.

தோட்டம் போடவிருந்த சரிவு கரடியூர் ஊர்க்கோயிலுக்குச் சொந்தம். ஊர்க்கவுண்டர், அதாவது அந்த ஊரின் பெரியதனக்காரர், எங்களை மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். "எங்களுக்குச் சம்மதந்தானுங்க. ஆனா நெலம் சாமிதுங்க. பூக் கேக்கோணும்" என்றார்.

பூக் கேட்பது எங்கள் பக்கம் வழக்கம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலையில் சுற்றி நாரால் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பெண் எடுப்பது முதல் கிணறு வெட்டுவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான் கடைசி வார்த்தை.

பூசாரி எடுத்தார். வெள்ளை! கூட்டம் கைகூப்பியது. ரைட்டர் பாய் ஓரமாக நின்று பெருமூச்சு விட்டார். டாக்டர் மற்றப் பொட்டலத்தையும் வாங்கிப் பிரித்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். பிறகு பணிவாகக் கேட்டார்.

"நொம்ப சந்தோசமுங்க. இன்னொருக்கா எடுங்க."

"எதுக்குங்க?" என்றார் பூசாரி.

"ஒருக்கா வந்தத வெச்சு முடிவு எழுத முடியாதுங்க. தற்செயலாக்கூட வந்திருக்கலாம். மூணு தடவையாச்சும் பாக்கோணும்."

பூசாரி நல்ல மனிதர். விருந்தாளி கேட்கிறாரே என்று மறுபடி கட்டி, கலைத்து, கண்ணை மூடி எடுத்தார். சிவப்பு.

கூப்பிய கைகள் கீழே இறங்கின. டாக்டர் மட்டும் நிதானமாக மற்றதையும் பிரித்துப் பார்த்து, "ஒண்ணுக்கு ஒண்ணு. இப்ப மூணாவது எடுத்தாத் தெரிஞ்சிருமுங்க" என்றார்.

"ஏனுங்க, எங்க சாமிய என்ன பரிச்சை எழுத வெக்கறீங்களா?" என்று பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

திரும்பி வரும் வாடகை ஜீப்பில் ரைட்டர் பாய் அழாத குறை. "மொதப் பூவோட எந்திரிச்சு வந்திருந்தா, சம்மதம் கெடைச்சுதுன்னு எழுதியிருக்கலாமேங்க சார்! இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ரெண்டாவதச் சொல்லாம உட்டுருங்க."

டாக்டர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: 'நில உரிமையாளர்: சாமி. சம்மதம் ஒரு முறை கிடைத்தது. ஒரு முறை மறுக்கப்பட்டது. மூன்றாம் முறைக்கு உரிமையாளர் தரப்பு இணங்கவில்லை.' அப்படியே அனுப்பினோம். அதே வாரம் மேனேஜர் தலையணைகளையும் அனுப்பிவைத்தார்.

விண்ணப்பத்தைக் குப்பையில் போடுவார்கள் என்று நாங்கள் காத்திருந்தபோது நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. படித்துவிட்டுச் சிரித்த யாரோ ஆளைப் பார்க்க ஆசைப்பட்டிருக்க வேண்டும். லேப்டாப் திரையில் வரிசையாக நிபுணர்கள். தலைவராக நரைத்த தலையோடு ஓர் அம்மா. நல்லவேளை, அவர் தமிழ்க்காரர்.

"முதல் தடவையே சம்மதம் வந்துவிட்டதே, அத்தோடு நிறுத்தியிருக்கலாமே?" என்று கேட்டார்.

"நிறுத்தியிருக்கலாமுங்க. அப்பறம் கொரங்க எண்ணறப்பவும் எனக்குத் தோதான எடத்துல நிறுத்திருவனுங்க" என்றார் டாக்டர்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். சில நாளில் பதில் வந்தது: பணம் தரச் சம்மதம், நிலத்தின் சம்மதம் தெளிவாகக் கிடைத்தால்.

டாக்டர் தனியாகக் கரடியூர் போய் மன்னிப்புக் கேட்டார். "சாமியச் சந்தேகப்படலீங்க. என்னையத்தானுங்க சந்தேகப்பட்டேன்" என்றாராம். பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கோவப்படறது ஞாயந்தானுங்க" என்று அதையும் ஒத்துக்கொண்டு திரும்பி வந்து, புத்தகங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார்.

ஊர்க்கவுண்டர் சந்தைக்கு வந்தபோது, ரைட்டர் பாய் தம்பி கடையில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். லாட்ஜ், மெத்தை, பாய், சாக்கு, ஒன்றும் பாக்கியில்லை. ஊர்க்கவுண்டர் யோசித்தார். "மருந்துக் கடைக்காரரு நல்ல மருந்துங்கறாரு, நாத்து விக்கறவரு நல்ல நாத்துங்கறாரு. நல்லா இல்லீன்னா நல்லா இல்லீங்கன்னு இந்த மலையில சொல்றதுக்கு இவரு ஒருத்தருதானுங்க இருக்காரு. வெள்ளிக்கெழமை கூட்டிட்டு வாங்க. ஆனா வாயத் தொறக்கப்படாது."

வெள்ளிக்கிழமை ஊரே கூடியிருந்தது. டாக்டர் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நின்றார். பூசாரி கண்ணை மூடி எடுத்தார், பிரித்தார். வெள்ளை. ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை. எல்லோரும் டாக்டரையே பார்த்தார்கள்.

அவர் கை வழக்கம்போல மற்றப் பொட்டலத்துக்கு நீண்டது. ஊர்க்கவுண்டர் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். முந்தைய பொட்டலங்களில் நாரை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். இதில் முடிச்சுக்கு மேல் முடிச்சு, கிணற்று ராட்டினத்துக்குக் கயிறு கட்டுவதுபோல. அப்படியும் இலை ஓரத்தில் கிழிந்து ஓர் இதழ் எட்டிப் பார்த்தது. அதுவும் வெள்ளை. நான் பார்த்தேன், ரைட்டர் பாய் பார்த்தார். டாக்டரின் கண் எங்கள் இருவர் கண்ணையும்விடக் கூர்மை.

பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து அப்படியும் இப்படியும் திருப்பினார். ஊர்க்கவுண்டர் தரையைப் பார்த்தார். பூசாரி மணியைத் துடைக்க ஆரம்பித்தார். டாக்டர் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டார்.

பணம் வந்தது. கேட்டதில் பாதிதான் வந்தது. மெத்தைகள் லாரி ஏறி மலையிறங்கின. குரங்குத் தோட்டத்தில் இப்போது கொய்யா காய்க்கிறது. குரங்குகள் வருகின்றன, சில நாள் அத்தோடு நிற்கின்றன, சில நாள் நிற்பதில்லை. நான் இப்போது அங்கே வேலையில் இல்லை. போன மாதம் போன் செய்து முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இன்னும் தெரியலை கண்ணு" என்றார், அவ்வளவு உற்சாகமாக.

எனக்கு மறக்க முடியாதது அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான். ஆபீசுக்கு வந்ததும் நிபுணர்களுக்கு அனுப்ப வேண்டிய பதிலை டாக்டர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'மூன்றாம் முறை எடுத்ததில் வெள்ளைப் பூ வந்தது. மற்றப் பொட்டலம் பிரித்துப் பார்க்கப்படவில்லை.'

"ரெண்டாவது வரி வேணுமா டாக்டர்?"

"நடந்தது அதுதான கண்ணு."

"ஏன் பிரிக்கலை?"

"அவங்க நொம்ப ஆசையாக் கட்டியிருந்தாங்க கண்ணு" என்றார்.

எனக்கு அந்த மனிதரை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு ஏற்காடு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும்போல் இருந்தது.