ரிசைடார் வீட்டுக் குழாய்

மனிதரில் ஓர் இனம் உண்டு. அவர்கள் எங்கேயும் குடியிருக்க மாட்டார்கள், 'ரிசைட்' பண்ணுவார்கள். உங்களுக்கும் எனக்கும் 'லிவ்' போதும். வாடகை கொடுக்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், தீர்ந்தது. இவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். ரிசைடார் என்றே பெயர் வைத்துவிட்டோம். புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் 'லிவ்' பண்ணுவதாக வாய் தவறிச் சொல்லிவிட்டாள். விடுவாரா?

"புழு பூச்சிகூட லிவ் பண்ணும்மா. படிச்சவங்க ரிசைட் பண்ணணும். 'ட்வெல்'னா கவிதைக்கு, 'இன்ஹேபிட்'னா காட்டுக்கு."

"ஒண்டுக்குடித்தனத்துக்கு என்ன சார்?"

மனிதர் அசரவில்லை. "அதையும் ரிசைட்னு சொல்லிப் பாரு, மரியாதை தானா வரும்."

வீட்டு வாசலில் பெயர்ப்பலகை, அதில் கொட்டை எழுத்தில் 'ரெசிடென்ஸ்'. உள்ளே அவருக்குச் சொந்தமானது ஒரு நாற்காலியும் பேப்பரும்தான். மற்ற இடமெல்லாம் அவர் மனைவியின் தையல் மெஷினும் துணியும். போன சனிக்கிழமை அந்த அம்மா, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளைக் கூடத்துத் தரையில் பாய் விரித்து அடுக்கிவிட்டு, பொத்தான் வாங்கக் கடைக்குப் போனார். திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் அடுத்த வருஷ ஆர்டர் போச்சு. அந்த நேரம் பார்த்து சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் கூடத்துக்குக் கிளம்பியது. ரிசைடார் போனை எடுத்தார்.

"தண்ணி கொட்டுதும்மா! மெயின் வால்வு எங்க?"

"பாத்ரூம்லங்க, வாளிக்கு மேல."

"எந்த பாத்ரூம்?"

"நம்ம வீட்ல ஒண்ணுதாங்க இருக்கு!"

"சரி, வாளி எங்க?"

"மாடி வீட்டு அக்காவைக் கூப்பிடுங்க. அவங்களுக்கு நம்ம வீடு தெரியும்."

மாடி வீட்டு அக்கா என் மனைவிதான். அவள் இறங்கி ஓடி வால்வைத் திருகும்போது, ரிசைடார் செருப்பு நனையாமல் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாராம். சீருடையில் பாதி தொப்பலாக நனைந்து கிடந்தது. அவர் நிற்கிற நாற்காலி மேல் அதைத் தூக்கி வைத்திருக்கக் கூடாதா? கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறு முழுக்க இரண்டு பெண்களும் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு ஆர்டரைக் காப்பாற்றினார்கள்.

திங்கட்கிழமை ரிசைடார் அலுவலகத்துக்கு வந்து, தம் ரெசிடென்ஸில் சிறு வெள்ளம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். டைப்பிஸ்ட் தலை நிமிராமல் கேட்டாள்:

"நீங்க ரிசைட் பண்றீங்க, சரி. அங்க லிவ் பண்றது யாரு சார்?"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே, உங்கள் வீட்டு மெயின் வால்வு எங்கே என்று சொல்லிவிடுங்கள் பார்ப்போம். இதோ, "ஏம்மா..." என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க வாயெடுத்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.