இரண்டு வரித் திரை

மேஜை மேலிருந்த அந்தச் சின்னத் திரை, காலையிலிருந்து ஒரு வரிசைக் கறுப்புக் கட்டங்களையே காட்டிக்கொண்டிருந்தது. அதில் வரவேண்டியது ஆங்கிலத்தில் 'நல்வரவு' என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்குத்தான் இவ்வளவு வீம்பு.

ஸ்ரீவத்ஸனுக்கு அலுத்துவிட்டது. விஜயநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி இந்த நஞ்சன்கூடு ஃபாக்டரிக்கு வர ஆரம்பித்து எட்டு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் கல்யாணத் தேதி என்று ஹம்ஸாவின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். மேனேஜர் ஜெயகிருஷ்ணனோ, இன்று பெங்களூர் விருந்தாளிகளுக்குத் திரை 'நல்வரவு' சொன்னால்தான் கையெழுத்து என்றிருந்தார்.

தசராவுக்கு முன்பு எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. கம்ப்யூட்டரின் முதுகில் ஒயர் மாட்ட ஒரே மாதிரி இரண்டு சீரியல் போர்ட். ஒன்றின் ஒயர் இவன் மேஜைத் திரைக்கு. இன்னொன்று, பாய்லர் ஓடும்போது அதன் சூட்டைக் காட்ட, மேனேஜர் அறையில் இருக்கும் திரைக்கு; இன்று பாய்லர் ஓடவில்லை. ஆயுத பூஜையன்று துப்புரவு வேலை பார்க்கும் மல்லம்மா ஒயர்களையெல்லாம் பிடுங்கி, பெட்டியைப் பளபளவென்று துடைத்து, குங்குமம் வைத்து, இருந்தபடியே மாட்டிவிட்டதாகச் சொல்லியிருந்தாள்.

திரைக்குள் குங்குமம் போயிருக்கும் என்று ஸ்ரீவத்ஸன் முடிவு கட்டினான். கழற்றி ஊதினான். கீபோர்டில் 'நல்வரவு' என்று மறுபடி அடித்தான். அதே கட்டங்கள்.

வெளிச்சத்தைக் கூட்டுகிற திருகைத் திருகினான். கட்டங்களும் காணாமல் போயின. 'உனக்கு என்னதான் வேணும்?' என்று அடித்தான்.

ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தான். கருகிய வாசனை வந்து, திரையின் பச்சை விளக்கும் அணைந்தது. செத்த திரையில் யார் படிக்கப் போகிறார்கள் என்ற துணிச்சலில் 'மேனேஜர் ஒரு தண்டம்' என்று அடித்தான். மனசு கொஞ்சம் லேசானது. 'அவர் தலையில் இருப்பது விக்' என்று அடித்தபோது எட்டு மாத எரிச்சலும் இறங்கியது போலிருந்தது.

விருந்தாளிகள் அரை மணி முன்பே வந்து மேனேஜர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். காபி கொடுத்துவிட்டுத் தட்டோடு திரும்பிய மல்லம்மாவை ஸ்ரீவத்ஸன் நிறுத்தினான்.

"மல்லம்மா, என்னால ஒரு எழுத்துகூடக் கொண்டுவர முடியலைன்னு நீயே உள்ள சொல்லிடேன். எனக்குத் தெம்பில்லை."

கொள்ளேகாலத்துக்காரி மல்லம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"என்னங்க சாரே இப்படிச் சொல்றீங்க, உள்ளாற இருக்கற டப்பாவுல காலையிலிருந்து எழுத்தாக் கொட்டுது, பெங்களூருக்காரங்க ஒண்ணொண்ணாப் படிச்சுச் சிரிக்கறாங்க, மேனேஜரு மட்டும் ரெண்டு கையாலயும் தலையை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாருங்க."