கொட்டாவியின் மத்தியானத் தூக்கம்

மதுரை ஜில்லாவிலேயே தூங்கினால் மட்டும் கணக்கு வருகிற ஒரே ஆள் எங்கள் கொட்டாவிதான். நிஜப் பெயரை அவனே மறந்திருப்பான்.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கோச்சிங் ஹாஸ்டல். அறையில் நான், ரஃபீக், கொட்டாவி. இன்ஜினியரிங் படிப்புக்கான முதல் நுழைவுத் தேர்வில் தேறிய கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் அதற்கு மேல் ‘அட்வான்ஸ்டு’ என்று இன்னொரு தேர்வு உண்டு. அதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். முதல் தேர்வில் கொட்டாவி ஹாலிலேயே கண்ணயர்ந்ததால்தான் தேறினான் என்பது எங்கள் அபிப்பிராயம். அட்வான்ஸ்டில் தேறாவிட்டால் கப்பலூரில் அவன் அப்பா வேலை பார்க்கிற கம்பெனியிலேயே அவனையும் சேர்த்துவிடுவதாகப் பேச்சு. அதை நினைத்தாலே அவன் முகம் செத்துவிடும்.

விழித்திருக்கும்போது பேனாவைக் கடிப்பான், ஒரு கணக்கும் நகராது. மத்தியானம் தயிர்சாதம் உள்ளே போய்க் கண் சொருகியதும் காதருகே கணக்கைப் படித்தால் விடை வரும். குரல் அவனுடையதாக இருக்காது. நிதானமான, வயதான குரல். கண் பாதி திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. எனக்கு முதுகெல்லாம் சில்லிடும். ஆனாலும் விடையைக் குறித்துக்கொள்வேன், விட முடியுமா?

ஒருநாள் ரஃபீக் விளையாட்டாக, நாளைக்கு மெஸ்ஸில் என்ன டிபன் என்று கேட்டுவைத்தான்.

“பொங்கல். நீ சாப்பிட மாட்ட.”

மறுநாள் பொங்கல்தான். ரஃபீக் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். உடம்பு தேறியதும் முதல் வேலையாகப் பெட்டி படுக்கையோடு வேறு அறைக்கு மாறிவிட்டான்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. தேர்வு நெருங்கிய ஒரு மத்தியானம், எங்கள் ரெண்டு பேருக்கும் சீட் கிடைக்குமா என்று கேட்டுவிட்டேன்.

“உனக்குக் கிடைக்கும். இவனுக்குக் கிடைக்காது. எந்திரிச்சதும் சொல்லிராத.”

கொட்டாவி எழுந்து வாயைத் துடைத்தான்.

“எதுவும் உளறுனேனா மாப்ள?”

“கணக்குதாண்டா. வேறென்ன.”

தேர்வு ஹாலில் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கென்று கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தான்.

குரல் சொன்னபடியே ஆயிற்று. எனக்கு வடக்கே சீட், அவனுக்குக் கப்பலூர். ரிசல்ட் வந்த அன்றைக்கு அவன்தான் எனக்குப் பரோட்டா வாங்கிக்கொடுத்தான். அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கும் வந்தான். பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தாமதம், என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். நான் எதுவும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. அதுவாகத்தான் பேசியது.

“நீ மறைச்ச அன்னைக்கே இவனுக்குத் தெரியும். நீ போய்ட்டு வா.”

ரயில் வந்து நின்றது. அவனை எழுப்ப எனக்கு மனசே வரவில்லை.