ஆல்டர்விக் ஆவிகளும் அரசாங்கப் பூட்டும்

வியாழக்கிழமை என்றால் ஆல்டர்விக் ஊரில் செத்தவர்களுக்கு வேலை நாள்.

தேவாலயக் கூடம் திறப்பது மத்தியானம் இரண்டு மணிக்கு. வரிசையோ ஒரு மணிக்கே மீன் வறுவல் கடையைத் தாண்டிவிடும். தலைக்குப் பன்னிரண்டு பவுண்டு. டீயும் பிஸ்கட்டும் இலவசம், ஆவிக்கு மட்டும்தான் கட்டணம்! செத்தவர் பெயரையும் செத்த வருஷத்தையும் ஒரு வாரம் முன்னதாகவே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பின்னே? ஆவியைத் தேடிப் பிடிக்க அவகாசம் வேண்டாமா?

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அகால மரணம் அடைந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். படுக்கையில் நிம்மதியாகக் கண்ணை மூடிய புண்ணியவான்களுக்கு அனுமதி கிடையாது.

மேடம் ஆரேலியா ஊதா அங்கியில் மேடை ஏறினார். கண்ணை மூடினார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ரான் பிக்கர்ஸ்கில் யாரு?"

இறைச்சிக் கடை ரான், அந்த ஆறடி மனுஷன், நடுங்கிக்கொண்டே எழுந்தான்.

"உன் தாத்தா ஆல்பர்ட் வந்திருக்கார். செங்கல் சூளையில போனவர். சட்டைப் பையில உடைஞ்ச புகைக்குழாய் ஒண்ணு, பூட்ஸ் கயிறு மூணு, பழுப்பு நிறப் பொத்தான் ஒண்ணு. சூளையிலேருந்து ரோட்டுக்கு நாப்பத்திரண்டு அடின்னு சொல்றார்."

"ஐயோ தாத்தா!" என்று ரான் குலுங்கிக் குலுங்கி அழுதான். கூடமே கைதட்டியது. செத்துப்போன மனுஷன் சூளைக்கும் ரோட்டுக்கும் நடுவில் நாடாவைப் பிடித்து எதற்கு அளந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மறு உலகத்தில் பொழுது போகவில்லை போலிருக்கிறது!

மூன்றாம் வரிசையில் லொரைன் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் லாரிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைப்பது அவள் உத்தியோகம். அவளுக்கு ஆவியிலும் நம்பிக்கையில்லை, மேடத்திலும் நம்பிக்கையில்லை. சித்தி ஈனிட்டுக்குத் துணையாக வந்திருந்தாள், அவ்வளவுதான்.

ஈனிட்டுக்கு எண்பத்திரண்டு வயது. அவளுடைய அண்ணன் வில்ஃப் 1951இல் கால்வாயில் விழுந்து செத்தான். அப்போது அவளுக்கு எட்டு வயது. மிட்டாய்க்கும் ரேஷன் இருந்த காலம். தன் ரேஷன் புத்தகத்தை அவனிடம் கொடுத்து, "டாஃபி வாங்கிட்டு வாடா" என்று அனுப்பிவைத்ததே அவள்தான். கடைக்குக் குறுக்கு வழி கால்வாய்க் கரை. போனவன் திரும்பவில்லை. நான்தான் கொன்றேன் என்று எழுபத்து நான்கு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் மேடத்திடமும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள், பாவம்.

ஆறு மாதமாக வில்ஃப் வரவேயில்லை. அன்றைக்கும் மேடம் உதட்டைப் பிதுக்கினார்.

"ஈனிட், உன் அண்ணனுக்குக் கோபம் இன்னும் ஆறல. உன் முகத்தையே பார்க்க மாட்டேங்கிறான். 2027 புதுவருஷம் பிறந்தா மனசு இறங்குவான். அதுவரைக்கும் வாராவாரம் வந்து போய்க்கிட்டிரு."

வீட்டுக்கு வந்த ஈனிட் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "அதுவரைக்கும் நான் இருப்பேனாடீ? அவன் கோபத்தோடயே நான் போய்ச் சேரணுமா?" என்று கேட்டாள். தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டே லொரைன் யோசித்தாள். செத்துப்போன மாமா எப்படிச் செத்தார் என்று ஊரில் எங்கேயாவது எழுதித்தானே வைத்திருப்பார்கள்?

எழுதித்தான் வைத்திருந்தார்கள். மறுநாளே மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய் நின்றாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த காப்பக ஊழியர் கிளைவ் பட்டியலைப் புரட்டினார். "வில்ஃப்ரெட் டன்னிக்ளிஃப், 1951. இருக்கு. மரண விசாரணைக் கோப்பு பத்திரமாவே இருக்கு. ஆனா காட்ட முடியாதும்மா. எழுபத்தஞ்சு வருஷம் பூட்டு. 1949 முடிய உள்ளதை யார் வேணும்னாலும் பார்க்கலாம். இது 2027 புதுவருஷத்துலதான் திறக்கும்."

"எப்போ?"

"2027 புதுவருஷம்."

லொரைன் மெதுவாகத் திரும்பி வாசிப்பறையைப் பார்த்தாள். ஜன்னலோர மேசையில் மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மாள். மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் பென்சில். முன்னால் 1930ஆம் வருஷத்துக் கோப்புகள் அடுக்கிய பெட்டி. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக நகல் எடுத்துக்கொண்டிருந்தார். ஊதா அங்கி இல்லாவிட்டால் என்ன? அந்த உதட்டுப் பிதுக்கல் லொரைனுக்கு மறக்குமா?

"அடிப் பாவி!" என்றாள்.

"ஷ்! இங்க சத்தம் போடக் கூடாது" என்றார் கிளைவ். "யார் என்ன படிக்கிறாங்கன்னு என்கிட்டக் கேக்காதீங்க, சொல்லவும் கூடாது."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். எனக்குக் கண்ணு இருக்கு."

கிளைவ் தொண்டையைச் செருமினார். "நெருங்கின சொந்தக்காரங்கன்னா மரண விசாரணை அதிகாரிக்கு எழுதிப் போட்டு அனுமதி வாங்கலாம். மூணு வாரம் ஆகும். அதைச் சொல்றது என் வேலைதான்."

மூன்று வாரம் கழித்து, அனுமதிக் கடிதமும் கையுமாக ஈனிட்டை அழைத்து வந்தாள் லொரைன். தடித்த நூலால் கட்டிய மெல்லிய கோப்பு பஞ்சுத் திண்டின் மேல் வந்து உட்கார்ந்தது. லொரைன்தான் கிசுகிசுப்பாகப் படித்தாள்.

சாட்சி, செல்வி பெர்ல் ஹாப்டே, வயது பத்தொன்பது. "வில்ஃபும் நானும் சினிமாவுக்குப் போனோம். இடைவேளையில் எனக்கு டாஃபி வாங்கிக் கொடுத்தார். என்னை வீட்டில் விட்டுவிட்டுக் கால்வாய் வழியாகப் போனார். பயங்கர மூடுபனி." சட்டைப் பையில் இருந்தவை: சீப்பு, தலை எண்ணெய் டப்பி, கிழித்த சினிமா டிக்கெட் இரண்டு, ஈனிட் என்ற சிறுமியின் ரேஷன் புத்தகம். அதில் அந்த மாத மிட்டாய்க் கூப்பன் வெட்டப்பட்டிருந்தது. தீர்ப்பு: விபத்து.

ஈனிட்டின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து லொரைன் அணைத்துக்கொண்டாள். அழுகையாவது ஒன்றாவது, கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்!

"திருட்டுப் பய! என் டாஃபியை எவளுக்கோ குடுத்திருக்கான்டீ! நான் சொன்ன வேலைக்கு அவன் போகவே இல்ல!"

கிளைவ் "ஷ்!" என்றார். ஈனிட் "நீ சும்மா இருப்பா, எழுபத்து நாலு வருஷம் சத்தம் போடாமத்தான் இருந்தேன்" என்றாள். சிரிப்பினூடே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கோப்பு நனைந்துவிடும் என்று பயந்து கிளைவ் ஓடிவந்து கைக்குட்டையை நீட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை. கூடத்தில் அறுபத்தெட்டுப் பேர். மேடம் நெற்றியைத் தடவ ஆரம்பித்ததும் லொரைன் எழுந்தாள். லாரியை நிறுத்துகிற குரல் அது, மைக் தேவையில்லை.

"ஒரு நிமிஷம்! 1949க்குள்ள செத்தவங்க யாருக்கெல்லாம் பேசினாங்க? கையைத் தூக்குங்க."

கைகள் சடசடவென்று எழுந்தன. முப்பத்தொன்று.

"கீழ போடுங்க. 1950லயும் அதுக்கப்புறமும் செத்தவங்க யாருக்குப் பேசினாங்க?"

ஒரு கை கூட எழவில்லை. யாரோ டீக் கோப்பையைச் சாஸரில் வைத்த சத்தம் கேட்டது.

"அவங்களைப் பத்தி மேடம் என்ன சொன்னாங்க?"

"கோபமா இருக்காராம்!" என்றாள், லாரி விபத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஷீலா. "எங்க அப்பாவுக்கும் கோபம்!" என்றது இன்னொரு குரல். "எங்க சித்தப்பாவுக்கும்!"

"அதெப்படிங்க?" என்றாள் லொரைன். "1950 ஜனவரி ஒண்ணாந் தேதியிலேருந்து செத்த அத்தனை பேருக்கும் சொல்லிவச்ச மாதிரி கோபம்? நான் சொல்றேன். அகாலமாச் செத்தவங்களுக்கு மட்டும்தான் மரண விசாரணை. அந்தக் கோப்பு காப்பகத்துல 1949 முடியத்தான் திறந்திருக்கு. மிச்சமெல்லாம் பூட்டு. ரான், உங்க தாத்தா கோப்பை நேத்து நான் பார்த்தேன். பொத்தான் இருக்கு, கயிறு இருக்கு. நாப்பத்திரண்டு அடியை அளந்து எழுதினது அந்தக் காலத்துப் போலீஸ்காரர்!"

ரானின் முகம் அவன் கடை ஈரலைப் போல் சிவந்தது.

மேடம் சளைப்பவரா? கைகளை விரித்தார். "வந்துட்டான்! இதோ வில்ஃப் வந்துட்டான்! ஈனிட், உன் அண்ணன் உன்னை மன்னிச்சுட்டான்! கையில உனக்காக வாங்கின டாஃபிப் பொட்டலம் இருக்கு!"

ஈனிட் கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"மன்னிச்சானா? அந்தப் பயதான் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்! டாஃபியை பெர்ல் ஹாப்டே தின்னு முடிச்சுட்டா, சினிமாவுல! பூட்டிக் கிடந்த கோப்பையே நான் அனுமதி வாங்கிப் படிச்சுட்டேன்மா. நீ இன்னும் படிக்கலையே, அதான் உளர்ற!"

கூடம் வெடித்தது. ரான் சிரித்தான், ஷீலா சிரித்தாள், டீ ஊற்றுகிற பாதிரியார் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேடம் அங்கியைத் தூக்கிக்கொண்டு பின்கதவை நோக்கி ஓடினார். "ஆறு மாசமா எங்க அண்ணன் பேர்ல என்னை அழவச்சியே, உனக்கு அடுக்குமா?" என்று ஈனிட் கத்தியது அவர் காதில் விழுந்துதான் இருக்கும்.

எல்லாம் அடங்கிய பிறகு ஷீலா தயங்கித் தயங்கி லொரைனிடம் வந்தாள். "பக்கத்து ஊர்ல ஒருத்தர், குடிச்ச கோப்பையில தங்கின டீத்தூளைப் பார்த்தே எல்லாம் சொல்றாராம். அவர் நிஜமானவர்னு பேசிக்கிறாங்க. போய்ப் பார்க்கட்டுமா?"

லொரைன் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஷீலாவைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். ஆனால் கையைத் தூக்கச் சொல்லி எண்ணிப் பார்க்க ஆன நேரம் ஒரே ஒரு நிமிஷம். வாராவாரம் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவேயில்லை. உங்கள் ஊர்க் கூடத்தில் நீங்கள் எத்தனை வாரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்?