முள்ளிக்கரட்டுப் பவுண்டுக்கு இணையம் வந்த வரலாறு

மலைகள் மூன்றும் வரிகள் முப்பதும் சூழ்ந்த நெடுங்குன்ற நாட்டை விரிவேந்தர் என்னும் மன்னர் ஆண்டுவந்தார். குக்கிராமந்தோறும் அதிவேக இணையம் என்பது அவர்தம் சூளுரை. அதன் முன்னேற்றத்தை அறிக்கையாக எழுதுவது என் பணி. முன்னேற்றம் இல்லாத திங்களிலும் அறிக்கை உண்டு. ஆதலின் என் உரைநடை பெரிதும் முதிர்ந்தது.

முள்ளிக்கரடு என்னும் சிற்றூருக்குக் கம்பிவடம் வந்தது. அதனை அரசுக் கட்டடத்தில்தான் இறக்க வேண்டும் என்பது விதி. அவ்வூரின் ஒரே அரசுக் கட்டடம், பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கும் பவுண்டு. ஆகவே அங்கேயே இறக்கினர். "ஒரு கூரைக்கு வந்தால் ஊருக்கே வந்ததாகும்" என்று இணைய அமைச்சர் அகலநம்பி ஆணையிட்டார். அவ்வாக்கியத்தைச் செதுக்கிக் கொடுத்தவன் அடியேனே.

இணையம்தான் வந்துவிட்டதே! எனவே, ரேஷன் அரிசி பெறுவோர் தாம் உயிரோடிருப்பதை மாதந்தோறும் இணையத்தில் முகம் காட்டி மெய்ப்பிக்க வேண்டும் என்று அடுத்த ஆணை பிறந்தது. காட்டாதவர் இறந்தவர். காட்டியவரும் அன்று மாலைக்குள் கடைக்குச் சென்று அரிசியை வாங்கிவிட வேண்டும்.

கைம்பெண் காராயி பவுண்டுக்குள் சென்று, இணையப் பெட்டியின் முன் முகத்தைக் காட்டினார். உயிர் உறுதியாயிற்று. திரும்பினார்; கதவு பூட்டியிருந்தது.

"கதவத் தெற சடையா, கடையச் சாத்திருவான்."

"முடியாது அத்த," என்றான் காவலன் சடையன். "உள்ள வந்த உருப்படிய ஓனரு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய விடணும். பவுண்டு சட்டம். ஒன் ஓனரு யாரு?"

"கட்டுனவன் போய்ச் சேந்து பத்து வருசமாச்சு. நான் எவன் வயக்காட்டுலடா மேஞ்சேன்?"

கடை சாத்தப்பட்டது. வெளியே நின்றால் இறந்தவர், உள்ளே சென்றால் அடைபட்டவர் என்னும் நிலையில் நாற்பது பேர் உயிரைத் தேர்ந்து உள்ளே சென்றனர்.

சட்டம் முன்னோர் தந்தது. அதைத் திருத்துவது மரபன்று. ஆனால் தேர்தல் நெருங்கியிருந்தது. மூன்றாம் நாள் அமைச்சரே பல்லக்கில் வந்திறங்கினார்; எழுதுகோலுடன் நானும் உடன் வந்தேன்.

"குடிமக்களே! உங்கள் அனைவருக்கும் நானே உடைமையாளன் என்று கையொப்பமிடுகிறேன். நன்றியை வாக்குச்சீட்டில் காட்டுங்கள்! அரிசியும் உண்டு."

கதவு திறந்தது. காராயி மட்டும் அசையவில்லை.

"மாட்டுக்குத்தான்யா ஓனரு வேணும். நான் போனா மனுசியாத்தான் போவேன்."

"அரிசி வேண்டாமா, அம்மையே?"

"அத நீரே பொங்கித் தின்னும்."

அமைச்சர் என் பக்கம் திரும்பினார். நான் எழுதினேன்: "நாள் முழுவதும் இணையத்தின் அருகிலேயே வாழும் முதற்குடிமகள் முள்ளிக்கரட்டில் உள்ளார்." எழுவாயும் பயனிலையும் இனிதே இசைந்திருந்தன.

அறிக்கையை உடனே அரண்மனைக்கு அனுப்ப வேண்டும். ஊரில் இணையம் இருப்பது ஓரிடத்தில்தான். உள்ளே சென்றேன், அனுப்பினேன், கதவு பூட்டப்பட்டது. சடையன் பதிவேட்டைத் திறக்குமுன்பே, "அமைச்சர் அகலநம்பி" என்று பதவியோடும் பட்டத்தோடும் ஒப்பித்துவிட்டேன்.

மூலையில் அமர்ந்து, அண்டை வீட்டார் சுவர்மேல் இறக்கிய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்த காராயி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எழுத்தரய்யா, மூணு நாளா கேக்குறாங்க, எனக்கு அந்தப் பதிலு வாயில வரல. ஒமக்கு எப்படிய்யா கேக்குறதுக்கு முன்னாலயே வந்துச்சு?"

தக்க விடை ஒன்றை நான் யாத்துக்கொண்டிருக்கையில், அமைச்சர் கையொப்பமிட, எனக்குக் கதவு திறந்தது. தலையைக் குனிந்துகொண்டே வெளியேறினேன். அவ்வாசல் அத்துணைத் தாழ்வானதன்று.