அம்மியில் தேய்ந்த முதலை

அன்றைக்கு லாட்ஜின் பின்கட்டில் இருந்தவர்கள் நாலே பேர். லாட்ஜ் முதலாளி அண்ணாச்சி, கல்கத்தாவில் வேலை பார்க்கும் பூமி ஆராய்ச்சி அதிகாரி ஒருவர், மேனேஜராகிய நான், அப்புறம் முதலை சார். உலகத்திலேயே வருஷம் தவறாமல் குற்றாலத்துக்கு வந்து, ஒரு தடவைகூட அருவியில் தலையைக் கொடுக்காத மனிதர் முதலை சார் ஒருவர்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்லுவேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஐந்தருவி ரோட்டில் இருந்த அந்த லாட்ஜில் நான் மேனேஜர். எட்டாங்கிளாஸோடு நின்றவனுக்கு அந்த வேலை பெரிது. முதலை சார் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். வாயைத் திறந்தால் பழைய முதலை எலும்பைப் பற்றியே பேசுவதால் நாங்கள் வைத்த பெயர் அது. சீசனுக்கு வந்து இறங்கினால் எண்ணெய் தேய்க்க மாட்டார், துண்டு எடுக்க மாட்டார். தெர்மாமீட்டரும் குடையுமாகப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து ஓணானைப் பார்ப்பார். அது வெயிலுக்கு வந்தால் எழுதிக்கொள்வார். நிழலுக்குப் போனால் எழுதிக்கொள்வார். அசந்த நேரம் பார்த்து அதைப் பிடித்துக் கக்கத்தில் தெர்மாமீட்டரை வைப்பார்.

"ஓணானும் வெயில்ல காயுது, நீங்களும் காயுதிய. இதுல யாரு யாரைப் பாக்கதுன்னே தெரியலையே சார்" என்பார் அண்ணாச்சி.

சார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஓணானுக்கும் முதலைக்கும் நம்மைப்போல் சொந்தச் சூடு கிடையாது, வெளியே எவ்வளவு சூடோ அதை வாங்கித்தான் பிழைக்கின்றன என்று விளக்குவார். ஆகவே ஓரிடத்தில் பழைய முதலை எலும்பு கிடைத்தால், அந்தக் காலத்தில் அங்கே விறைக்கிற குளிர் இருந்திருக்க முடியாது. எலும்பே தெர்மாமீட்டர். எனக்கு இது உடனே புரிந்தது. படித்தவர்களுக்குத்தான் நேரமாகும்.

ஒருநாள் இலத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே சாரிடம் போய்விட்டாள். "அவரு டாக்டர் இல்லம்மா" என்று நான் தடுத்தேன். "ஓணானுக்கே பாக்காரு, எம்பிள்ளைக்குப் பாக்க மாட்டாராக்கும்?" என்று கேட்டாள். சாரும் மறுக்காமல் பிள்ளைக்குத் தெர்மாமீட்டர் வைத்து, "நூறு இருக்கு. ஆனா இது சொந்தச் சூடும்மா, பயப்படாதீங்க. ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். அவளுக்குப் பரம திருப்தி. தெர்மாமீட்டரை நடுவில் கழுவினாரா என்று எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சாரல் பிந்திய ஒரு வருஷம். அறைகள் காலி. அண்ணாச்சி சாரைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் அத்தனையும் சொல்லுதியளே, சாரல் எப்ப விழும்?"

"ஏழு கோடி வருஷத்துக்கு முந்தின வெயில் மழையைக் கேளுங்க அண்ணாச்சி, ஏதோ சொல்றேன். அடுத்த வாரம் எனக்குத் தெரியாது."

"ஏழு கோடி வருசத்துக்கு முந்தி எனக்கு லாட்ஜ் இல்லியே சார்."

உண்மையில் அந்த ஏழு கோடி வருஷத்து மழைதான் சாருக்கும் பிடிபடாமல் இருந்தது. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் அவருக்கு ஒரு எலும்பு கிடைத்திருந்தது. அதிரசம் அளவு, மேலெல்லாம் குழி குழியாக இருக்கும். முதலையின் முதுகு ஓடு என்பது சாரின் கட்சி. ஆமை ஓடு என்பது அவருடன் வேலை பார்த்தவர்களின் கட்சி. அறுத்துப் பார்த்தால் ஆமையா முதலையா என்பதும், உள்ளே மரத்தில் இருப்பதுபோல் வளையம் உண்டா என்பதும் தெரிந்துவிடும் என்றார் சார். மழைக்காலத்தில் முதலை நன்றாகத் தின்று எலும்பு வளரும். வறண்ட மாதங்களில் சோம்பிக் கிடக்கும்போது வளர்ச்சி நின்று ஒரு கோடு விழும். கோடு இருந்தால் அன்றைக்கும் பருவமழை உண்டு. இல்லையென்றால் வருஷம் முழுக்க ஒரே ஈரம். ஆனால் அறுத்துப் பார்க்கப் பயம். இருப்பது ஒன்று. உடைந்தால் போயிற்று.

மறுவருஷம் அவருக்கு ரிட்டயர்மென்ட். குடும்பத்தோடு குளிக்க வருகிற கல்கத்தா அதிகாரி எலும்பைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். தேறும் என்று அவர் சொன்னால் கல்கத்தாவில் பக்குவமாக அறுத்துப் பார்ப்பார்கள். தேறாது என்றால் சாரின் இத்தனை வருஷ உழைப்பும் வெறும் ஓணான் வேடிக்கை.

அதிகாரி வர இரண்டு நாள் இருக்கும்போது எலும்பைக் காணோம். கழுவிப் பின்சுவரில் காயவைத்ததாகச் சார் சொன்னார். குற்றாலத்தில் எது காணாமல் போனாலும் குரங்குதான். சார் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பண்டமாற்றுக்கு அழைத்தார். குரங்குகள் பழத்தை வாங்கிக்கொண்டன. ஒன்று அவருடைய மூக்குக் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டது. மனிதர் சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிடவில்லை.

அதிகாரி வந்தார். பின்கட்டுக்கு அழைத்துப் போனோம். "எங்கே உங்க எலும்பு?" என்றார். "குரங்கு..." என்று சார் ஆரம்பிக்கும்போது, எண்ணெய் வழிய அண்ணாச்சி வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். காலைத் தூக்கி முழங்கால்மேல் போட்டார். குதிகால் வெடிப்பைத் தேய்க்க ஆரம்பித்தார். கையில் எலும்பு.

"அண்ணாச்சி" என்றார் சார். கையை நீட்டினார்.

"என்ன சார், உங்களுக்கும் வெடிப்பா? செவத்துல கிடந்துது. இந்த மாதிரி கல்லு தென்காசிச் சந்தையிலயும் கிடைக்காது. ஓரந்தான் குத்துச்சு. அம்மில தண்ணி விட்டுத் தேச்சு வழவழன்னு ஆக்கிட்டேன்."

சார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சோடாவுக்கு ஓடினேன். பாதி வழியில், அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்று திரும்பி ஓடி வந்தேன்.

"அது முதலை, அண்ணாச்சி."

"எது?"

"உங்க கையில இருக்கிறது."

அண்ணாச்சி கல்லைப் பார்த்தார். காலை மெல்லக் கீழே இறக்கி வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். "ஏழு கோடி வருசமாத் தேயாதது எங்கிட்ட வந்து தேஞ்சிட்டே சார்" என்று எலும்பை இரண்டு கையாலும் நீட்டினார்.

அதிகாரி எலும்பை வாங்கினார். ஈரம் காயாத அந்த ஓரத்தில் பூதக்கண்ணாடியை வைத்தார். எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதை எதில தேய்ச்சீங்க?" என்றார்.

"அம்மிலதான். தெரியாமச் செஞ்சிட்டேன்யா."

"எங்க ஆளுங்க மெஷின்ல தேய்ச்சாலும் இவ்வளவு சுத்தமா வராது" என்று சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியைச் சாரிடம் நீட்டினார். "ஆமை இல்லை, முதலைதான். அறுத்த மாதிரி உள்ளே இருக்கிற கோடும் தெரியுது. ஒரே எலும்பை வச்சு அந்தக் காலத்தையே தீர்மானிச்சிட முடியாது. ஆனா இதை நான் கொண்டுபோறேன்."

சார் குனிந்தார். அகலமாக ஒரு வெளிர்பட்டை, மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு, மறுபடி பட்டை, மறுபடி கோடு. ஒவ்வொன்றாக விரலால் தொடாமல் தொட்டு, "மழை, வெயில், மழை, வெயில்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

"அப்பவும் சீசன் உண்டுங்கியளா?" என்றார் அண்ணாச்சி.

"உண்டு அண்ணாச்சி."

"லாட்ஜ் போட்டிருக்கலாம்."

அதிகாரி எலும்பை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் சார் ஊருக்குக் கிளம்பினார். லாட்ஜ் மேனேஜர்கள் யாரையும் பஸ் ஏற்றிவிடப் போவதில்லை. நான் போனேன். கண்ணாடி இல்லாத மனிதர், எலும்பும் இல்லாத வெறுங்கையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றார். கூட்டம் அவரைத் தள்ளி உள்ளே ஏற்றிவிட்டது. பஸ் புறப்பட்டுவிட்டது. அவருக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ கவலைகளை இந்த வயதில் விட்டுவிட்டேன். இதை மட்டும் விட மனசு வரவில்லை.