கடலட்டையும் மூலநோயும்

தன் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்ததேயில்லை என்று சொல்லும் ஆய்வாளரை நான் நம்புவதில்லை. நான் பல் துலக்குவதற்கு முன்பே தேடுகிறவனாக இருந்தேன்.

அப்போது திருகோணமலையில் தற்காலிக விரிவுரையாளர். ஆய்வு, நிலாவெளிக் கடலில் வாழும் கடலட்டை பற்றி. நம் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிச் சொல்லும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. அதில் என் எண்ணிக்கை அசையாமல் கிடந்தது (கடலட்டையும் அவ்வளவாக அசையாது). திடீரென்று அது மளமளவென்று ஏறியது. உலகம் கடைசியில் கண் திறந்துவிட்டது என்று நினைத்தேன். என்ன, ஏது என்று உள்ளே போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. நிரந்தர நியமன விண்ணப்பத்தில், 'துறைகளைக் கடந்து மேற்கோள் காட்டப்படுபவர்' என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டேன்.

நியமனம் கிடைக்காவிட்டால் வேலையே போய்விடும். மனைவி சுமதிக்கு அப்போது நிறைமாதம்.

நேர்முகத் தேர்வுக் குழுவில் மூவர். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"உங்கட கட்டுரைகளில ஆகக் கூடுதலா மேற்கோள் காட்டினது மூலநோய்ச் சத்திரசிகிச்சையைப் பற்றினது. கடலட்டைக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?"

என் பெயரிலேயே ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் எங்கோ இருக்கிறார். அவருடைய கட்டுரைகளை அந்தப் பக்கம் தானாகவே என் கணக்கில் சேர்த்திருக்கிறது. மூளைக்கு இது எட்டுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டும் மெல்லிய தசை, மேடம்."

குழுத் தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை நீங்கள்தான் எழுதினதோ?" என்றார் பேராசிரியை.

"இல்லை, மேடம். அது வேற ஆள். நானும் இப்பதான் காணுறன்."

அவர் சிரிக்கவில்லை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "கணக்குக்குள்ள போய், உங்கட இல்லாததை எல்லாம் எடுத்துவிடுங்கோ."

மூவரும் பார்த்திருக்க, ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்க அழிக்க நான் சிறுத்துக்கொண்டே போனேன்.

"மிச்சத்தை ஆர் மேற்கோள் காட்டினது?"

"கூடுதலா நான்தான், மேடம்."

தலைவருக்கு இருமல் வந்தது. அது இருமல்தானா என்று இன்றுவரை தெரியாது.

"சரி, அட்டையைப் பற்றிக் கதையுங்கோ. அதெண்டாலும் உங்கடதானே?" என்றார் பேராசிரியை.

கதைத்தேன். தொடங்கிய பிறகு நிறுத்தத் தெரியவில்லை. அவர் கேட்ட கேள்விகளிலிருந்து ஒன்று புரிந்தது: என் கட்டுரையை என்னைத் தவிர இன்னொருவரும் படித்திருக்கிறார்.

நியமனம் தரவில்லை. ஒரு வருட நீடிப்புத் தந்தார்கள். நிரந்தரமானது அதற்குப் பிறகுதான்.

நேர்முகத் தேர்வு நடந்த அன்று பின்னேரம் சுமதி வாசலிலேயே நின்றாள். "என்னப்பா, கிடைச்சுதோ?" நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து சிரித்தவள், அதே கையோடு திரியாயில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அன்று முதல் அவர் எந்தக் கலியாண வீட்டிலும் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவர் எங்கட மச்சான். கடலட்டை படிச்சவர். மற்ற வருத்தத்துக்கும் இவரிட்ட கதைக்கலாம்."

போன மாதம் ஒருவர் உண்மையாகவே என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப் போய், குரலைத் தாழ்த்தித் தன் மூலநோயைப் பற்றி விசாரித்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். சுகமாகிவிட்டதாம். ஊரெல்லாம் என் பெயரைத்தான் சொல்லித் திரிகிறார்.